தொலைவை அளந்த கை

திரைப்படத்தின் வரலாறு பெரும்பாலும் கண்ணின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. இயக்குநரின் பார்வை, ஒளிப்பதிவாளரின் பார்வை, அரங்கில் அமர்ந்திருப்போரின் பார்வை என்று அது விரிந்து செல்கிறது. அதே கலைக்குக் கையின் வரலாறு ஒன்றும் உண்டு. லென்ஸைச் சூழ்ந்திருக்கும் வளையத்தை நடிகரின் ஒவ்வோர் அசைவுக்கும் ஏற்பத் திருப்பி, முகத்தின் தெளிவு கலையாமல் காக்கும் கை அது. அந்தக் கைக்கு உரியவரைத் தமிழ்த் திரையுலகம் 'ஃபோகஸ் புல்லர்' என்று அழைக்கிறது. பெயர்ப் பட்டியலில் அவர் உதவி ஒளிப்பதிவாளர்களுள் ஒருவராக இடம்பெறுவார். இயற்பியல் பாடநூல்கள் 'குவியம்' என்று குறிப்பிடும் ஒன்றை நொடிதோறும் காத்து நிற்பதே அவர் தொழில். அது செவ்வனே நடக்கும்போது எவரும் கவனிப்பதில்லை. பிழைக்கும்போது அரங்கம் முழுவதும் காண்கிறது.

திரைப்படம் தோன்றிய காலம் முதல் அந்தக் கை காமிராவின் பக்கத்திலேயே இருந்து வந்தது. 1970களில் காமிரா அதனை விட்டு விலகி ஓடத் தொடங்கியது. வானொலி அலையின் வழியாகக் குவியத்தை இயக்கும் கருவி அந்தப் பிரிவினால் பிறந்ததாகும். கருவி எவ்வாறு வளர்ந்தது என்பதைக் கூறுவது எளிது. அந்த வளர்ச்சியினூடே, தொலைவை அறியும் மனித ஆற்றலுக்கு என்ன நேர்ந்தது என்பதே ஆராயத்தக்கது.

தெளிவின் ஆழம்

ஒரு லென்ஸ் உண்மையில் ஒரே ஒரு தொலைவில் உள்ள பொருளைத்தான் கூர்மையாகப் படம்பிடிக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள புள்ளிகள் பிலிமில் சிறு வட்டங்களாகப் பரவுகின்றன. அவ்வட்டம் மிகச் சிறியதாக இருக்கும் வரை மனிதக் கண் அதனைப் புள்ளி என்றே ஏற்றுக்கொள்கிறது. கண்ணின் இந்தப் பெருந்தன்மையினால் தெளிவுக்கு ஓர் ஆழம் கிடைக்கிறது. ஆழத்தின் அளவைத் தீர்மானிப்பவை முதன்மையாக மூன்று: லென்ஸின் குவியத் தூரம், அதன் துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்பது, பொருள் நிற்கும் தொலைவு.

35 மி.மீ. பிலிமில், 0.025 மி.மீ. விட்டமுள்ள வட்டம் வரை புள்ளியாகக் கொள்ளலாம் என்ற கணக்கை எடுத்துக்கொண்டால், 50 மி.மீ. லென்ஸில் எஃப்/8 துளையில் 2 மீட்டர் தொலைவில் நிற்பவருக்குக் கிடைக்கும் ஆழம் சுமார் 65 செ.மீ. அதே லென்ஸை எஃப்/2.8 அளவுக்குத் திறந்தால் ஆழம் 22 செ.மீ. ஆகச் சுருங்குகிறது. அதே துளையில் 100 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால் எஞ்சுவது 5 செ.மீ.க்குச் சற்று மேல். நாற்காலியில் அமர்ந்திருப்பவர் ஒரு பெருமூச்சுடன் முன்னே சாய்ந்தாலே அந்த எல்லையைக் கடந்துவிடுவார். அவர் சாயும் அதே கணத்தில் வளையமும் திரும்பியாக வேண்டும். கணம் பிந்தினால் கண்கள் மங்கிக் காதுகள் தெளிவாகும்.

பக்கத்தில் நின்றவர்

1895ஆம் ஆண்டில் லூமியேர் சகோதரர்கள் படம்பிடித்தபோது இந்தச் சிக்கல் பெரிதாக எழவில்லை. காமிரா ஓரிடத்தில் நின்றது. வெயில் நிறைய இருந்தது. துளை சிறிதாயிருந்ததால் ஆழம் தாராளமாகக் கிடைத்தது. காட்சி அரங்குகளுக்குள் நுழைந்து, நடிகர் காமிராவை நோக்கி நடந்து, காமிராவும் சக்கரங்களின்மேல் நகரத் தொடங்கியபோது, குவியத்தைக் காப்பது தனியொருவரின் தொழிலாயிற்று.

அத்தொழிலின் பெரும் விந்தை, அதைச் செய்பவர் படத்தைப் பார்க்க முடியாது என்பதாகும். 1920ஆம் ஆண்டில் வந்த மிட்செல் காமிராவில், படம் ஓடும்போது லென்ஸின் வழியாகப் பார்க்க எவராலும் இயலாது; காமிராவை இயக்குபவர்கூடப் பக்கத்தில் பொருத்திய தனிப் பார்வைக் கருவியின் வழியாகவே காட்சியைக் கண்டார். 1937ஆம் ஆண்டில் ஆரி நிறுவனம் வெளியிட்ட அர்ரிஃபிளெக்ஸ் 35, சுழலும் ஆடியின் துணையால், ஓடும் படத்தை லென்ஸின் வழியாகவே காண வகைசெய்தது. ஆனால் அந்தப் பேறு காமிராவை இயக்குபவருக்கே கிடைத்தது. குவியம் காப்பவர் வழக்கம்போல் லென்ஸின் பக்கவாட்டில் நின்றார்.

ஆகவே அவர் வேறொரு புலனை வளர்த்துக்கொண்டார். ஒத்திகையின்போது பிலிமின் தளத்திலிருந்து நடிகரின் கண் வரை நாடாவால் அளந்தார். நடிகர் நிற்கும் இடங்களைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியாலும் ஒட்டுத் துணியாலும் குறித்தார். அந்த அளவுகளை லென்ஸைத் திருப்பும் சக்கரத்தின் வெள்ளை விளிம்பில் பென்சிலால் எழுதிக்கொண்டார். படம் ஓடத் தொடங்கிய பிறகு அவருக்குத் துணையிருந்தவை நினைவும், உடம்பில் ஊறிய தொலைவுணர்வும் மட்டுமே. செய்தது சரியா, தவறா என்பது பிலிம் கழுவப்பட்டு மறுநாள் திரையிடப்படும்போதுதான் தெரிந்தது. பல அடி தூரத்தைப் பார்த்த மாத்திரத்தில் அங்குலக் கணக்கில் சொல்லும் திறமை அவர்களிடையே போற்றப்பட்டது.

பக்கவாட்டில் ஒரு கண்

இந்தத் திறமையும் போதாமற்போன இடம் ஒன்று வந்தது. ஸ்டான்லி குப்ரிக் இயக்கி 1975ஆம் ஆண்டில் வெளியான 'பேரி லிண்டன்' பதினெட்டாம் நூற்றாண்டின் கதை. அதன் இரவுக் காட்சிகளை மெழுகுவர்த்தியின் ஒளியிலேயே எடுக்க இயக்குநர் விரும்பினார். அதற்காக அவர் பெற்றவை, அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனத்திற்காக ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் செய்த எஃப்/0.7 என்னும் மிகப் பெரிய துளையுடைய 50 மி.மீ. லென்ஸ்கள். அவற்றின் பின்பகுதி பிலிமுக்கு மிக நெருக்கமாக அமைய வேண்டியிருந்தது. ஆடியுள்ள காமிராவில் அதற்கு இடமில்லை. சினிமா புராடக்ட்ஸ் நிறுவனத்தின் எட் டி ஜூலியோ, ஆடியில்லாத பழைய மிட்செல் காமிரா ஒன்றைக் குடைந்து அந்த லென்ஸைப் பொருத்திக் கொடுத்தார்.

முன்னர்க் கூறிய கணக்கின்படி, அந்த லென்ஸில் 2 மீட்டர் தொலைவில் கிடைக்கும் ஆழம் ஏறத்தாழ 5 செ.மீ. லென்ஸின் வழியாகப் பார்க்கவும் வழியில்லை. மங்கிய ஒளியில் கண்மதிப்புக்கும் உறுதியில்லை. ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட்டின் குழுவில் குவியம் காத்தவர் டக்ளஸ் மில்சம். அக்குழு கண்ட வழி எளிமையானது. படக் காமிராவின் பார்வைக்குச் செங்குத்தாக, நடிகர்களின் பக்கவாட்டில் ஒரு தொலைக்காட்சிக் காமிராவை நிறுத்தினர். அதன் திரையை லென்ஸின் அளவுகோலுக்கு மேலே பொருத்தி, அத்திரையின்மீது கட்டங்கள் வரைந்த தாள் ஒன்றை ஒட்டினர். நடிகர் முன்னே சாய்ந்தால் திரையில் அவருடைய தலை ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்திற்கு நகரும். கட்டத்தைப் பார்த்து மில்சம் வளையத்தைத் திருப்பினார்.

இந்த ஏற்பாட்டினுள் ஓர் அடிப்படை உண்மை அடங்கியிருக்கிறது. நேரே நம்மை நோக்கி வருபவரின் தொலைவை மதிப்பிடுவது கடினம். உருவம் சற்றே பெரிதாவதைத் தவிர வேறு குறிப்பு எதுவும் கண்ணுக்குக் கிடைப்பதில்லை. அவரையே பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கு ஒவ்வோர் அடியும் வெட்டவெளிச்சமாகிறது. தொலைவு என்பது எட்ட நின்று, குறுக்கே பார்க்க வேண்டிய ஒன்று. லென்ஸோடு ஒட்டி நிற்கும் கட்டாயம் குவியம் காப்பவருக்கு அந்த இடத்தை மறுத்து வந்தது. 'பேரி லிண்டன்' படத்தில் அவருடைய கண் மட்டும் பக்கவாட்டுக்குப் போயிற்று. கை லென்ஸிலேயே தங்கியது. கையும் உடன் போவதற்கான காரணம் அதே ஆண்டுகளில் வேறு இடங்களில் உருவாகிக்கொண்டிருந்தது.

காமிரா விலகி ஓடிய கதை

பிரான்சு நாட்டில் ழான்-மரி லவலூ, அலன் மஸ்ரோன் ஆகிய இருவர் இராணுவப் பணியின்போது நீர்மூழ்கிக் கப்பலுக்குள் படம்பிடிக்க நேர்ந்தது. அந்த இடுக்கில் காமிரா செல்லலாம், ஆள் செல்ல முடியாது. நீண்ட கோலின் நுனியில் காமிராவைப் பொருத்தி எட்ட இருந்து இயக்கும் எண்ணம் அங்கே தோன்றியது. இருவர் பெயர்களின் பகுதிகளையும் சேர்த்து 'லூமா' எனப் பெயர் பெற்ற அந்தக் கிரேன், 1976ஆம் ஆண்டில் வெளியான ரோமன் பொலான்ஸ்கியின் 'தி டெனன்ட்' படத்தில் பயன்பட்டது. அதில் காமிராவின் பார்வை தொலைக்காட்சித் திரையில் தெரிந்தது. காமிராவையும் லென்ஸையும் மோட்டார்கள் திருப்பின. கட்டளைகள் கம்பி வழியே சென்றன. கோலின் ஓரமாகக் கம்பியை ஓடவிட இடமிருந்ததால் அங்கே வானொலியின் தேவை எழவில்லை.

அத்தேவையை எழுப்பியது அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த காரெட் பிரவுன் உருவாக்கிய ஸ்டெடிகாம். இயக்குபவரின் உடலில் அணிந்த கவசம், அதிலிருந்து நீளும் வில் பொருத்திய கரம், அக்கரத்தின் முனையில் எடை சமப்பட்டு மிதக்கும் காமிரா ஆகியவை இணைந்த அமைப்பு அது. நடந்தாலும் ஓடினாலும் படிகளில் ஏறினாலும் காட்சி குலுங்காது. 'பேரி லிண்டன்' படத்திற்கு லென்ஸைப் பொருத்திக் கொடுத்த டி ஜூலியோவின் நிறுவனமே இதனையும் உற்பத்தி செய்தது. 1976ஆம் ஆண்டில் வெளியான 'பவுண்ட் ஃபார் குளோரி' படத்தில், உயரே கிரேனில் நின்ற பிரவுன் அது தரையிறங்கியதும் இறங்கி நடந்து, நூற்றுக்கணக்கான துணை நடிகர்களின் கூட்டத்தினூடே கதாநாயகனைத் தொடர்ந்தார். அதே ஆண்டில் வந்த 'ராக்கி' படத்தின் பிலடெல்பியா அருங்காட்சியகப் படிக்கட்டு ஓட்டமும் அவருடைய கைவண்ணமே.

ஸ்டெடிகாம் மிதப்பதன் இரகசியம் அதன் எடைச் சமநிலை. ஒரு விரல் பட்டாலும் சமநிலை குலையும். லென்ஸின் வளையத்தை ஒருவர் கூடவே ஓடித் திருப்புவது அங்கே முடியாத செயல். இழுபடும் கம்பியும் தொடுகையைப் போலவே காமிராவை அசைக்கும். எனவே மோட்டார் ஒன்று லென்ஸைத் திருப்ப வேண்டும். அந்த மோட்டாருக்குக் கட்டளை காற்றின் வழியே வர வேண்டும். மாதிரி விமானங்களை வானொலி அலையால் இயக்குவோர், குமிழை எவ்வளவு அசைத்தால் இறக்கையின் மடல் எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற நெறியை முன்பே கண்டறிந்திருந்தனர். குவியக் கருவியின் அடிப்படையும் அதே நெறியாகும்.

குப்ரிக்கின் அடுத்த படமான 'தி ஷைனிங்' 1980ஆம் ஆண்டில் வெளிவந்தது. விடுதியின் தாழ்வாரங்களில் மூன்று சக்கர வண்டி ஓட்டும் சிறுவனையும், வேலிச்செடிகளாலான சுழல்வழியில் ஓடுபவர்களையும் பிரவுனின் ஸ்டெடிகாம் தொடர்ந்தது. அப்படத்திலும் குவியம் காத்தவர்களுள் ஒருவர் மில்சம். ஐந்தாண்டு இடைவெளியில், அசையாத காமிராவில் 5 செ.மீ. ஆழத்தைக் காத்தவர், ஓடும் காமிராவின் காலத்துக்கு வந்து சேர்ந்தார். 1987ஆம் ஆண்டில் குப்ரிக்கின் 'ஃபுல் மெட்டல் ஜாக்கெட்' படத்திற்கு அவரே ஒளிப்பதிவாளரானார் என்பது குறிப்பிடத்தக்கது.

காற்றில் செல்லும் கட்டளை

வானொலிக் குவியக் கருவியின் அமைப்பை மூன்று உறுப்புகளாகப் பிரித்துக் காணலாம். முதலாவது, குவியம் காப்பவரின் கையில் இருக்கும் குமிழ். அதன் சுழற்சி மின்னளவாகவும் பின்னர் எண்ணாகவும் மாற்றப்பட்டு அலையில் ஏற்றப்படுகிறது. இரண்டாவது, காமிராவோடு இணைந்த ஏற்பி. மூன்றாவது, லென்ஸின் பல்வளையத்தோடு பல் பொருந்தி நிற்கும் மோட்டார். தான் எங்கே நிற்கிறேன் என்பதை மோட்டார் ஏற்பிக்கு ஓயாமல் அறிவிக்கிறது. கட்டளைக்கும் நிலைக்கும் வேறுபாடு இருக்கும் வரை அது சுழல்கிறது. வேலை தொடங்குமுன் மோட்டார் லென்ஸை இரு எல்லைகள் வரையும் ஒருமுறை திருப்பிப் பார்த்து, வழியின் நீளத்தைக் கற்றுக்கொள்ளும். குமிழைச் சுற்றிய வெள்ளை வளையத்தில் குவியம் காப்பவர் பழைய வழக்கப்படி தொலைவுகளை எழுதிக்கொள்வார்.

சொல்வதற்கு எளிய இந்த அமைப்பைச் செம்மைப்படுத்தப் பல ஆண்டுகள் ஆயின. முதல் இடர் தாமதம். இயல்பாக நடப்பவர் நொடிக்கு 1.4 மீட்டர் கடக்கிறார் எனக் கொண்டால், நொடிக்கு 24 படம் என்னும் வேகத்தில், ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே அவர் ஏறக்குறைய 6 செ.மீ. முன்னேறிவிடுகிறார். மெல்லிய ஆழத்தில் எடுக்கும்போது ஒரே ஒரு படத்தளவுத் தாமதம் முழு ஆழத்தையும் விழுங்கிவிடும். ஆகவே கைக்கும் லென்ஸுக்கும் இடையே உள்ள காலம் கை உணராத அளவுக்குக் குறைய வேண்டியிருந்தது.

இரண்டாவது இடர் வலிமையும் ஓசையும். குளிரில் லென்ஸின் மசகு இறுகும். அதனைத் திருப்ப வலிய மோட்டார் வேண்டும். வலிய மோட்டார் முனகும். முனகல் வசனத்தோடு சேர்ந்து ஒலிப்பதிவில் ஏறும். மூன்றாவது இடர், அலை அறுபடுதல். படப்பிடிப்புத் தளத்தில் கையடக்க வானொலிகளும் கம்பியில்லா ஒலிவாங்கிகளும் நிறைந்திருக்கும். கட்டளை தவறும் கணத்தில் மோட்டார் தன்போக்கில் ஓடினால் காட்சி பாழாகும். நின்ற இடத்திலேயே நிற்பதே நல்ல கருவிக்கு இலக்கணமாயிற்று. எண்முறைக் குறியீடும், அலைவரிசை விட்டு அலைவரிசை தாவும் உத்தியும் பின்னாளில் இந்த அச்சத்தைப் பெரிதும் போக்கின.

இந்த உழைப்பு 2007ஆம் ஆண்டில் ஒருங்கே அங்கீகாரம் பெற்றது. அமெரிக்கத் திரைப்படக் கழகம் அவ்வாண்டு வழங்கிய அறிவியல், தொழில்நுட்ப விருதுகளுள் மூன்று, லென்ஸைக் கம்பியின்றி இயக்கும் கருவிகளுக்கு உரியவை. குவியம், துளை, உருப்பெருக்கம் ஆகிய மூன்றையும் இயக்கும் கருவிக்காக ஹோவர்ட் பிரெஸ்டனும் மிர்கோ கோவாசெவிச்சும், ஆரி நிறுவனத்தின் கருவிக்காக வால்டர் டிராவ்னிங்கரும் எர்ன்ஸ்ட் சிடாவும், சிமோஷன் கருவிக்காகக் கிறிஸ்டியன் சிடாவும் மார்ட்டின் வைட்ஸும் பாராட்டப்பட்டனர். கருவியைச் செய்தவர்களுக்கு விருது உண்டு. அந்தக் குமிழைத் திருப்பும் கைகளுக்கென்று அக்கழகத்தின் விருதுப் பட்டியலில் ஒரு பிரிவு இல்லை. ஜான் ஆல்காட் 'பேரி லிண்டன்' படத்திற்காகவும், அடுத்த ஆண்டு ஹாஸ்கெல் வெக்ஸ்லர் 'பவுண்ட் ஃபார் குளோரி' படத்திற்காகவும் ஒளிப்பதிவு விருது பெற்றனர். அவ்விரு வெற்றிகளிலும் குவியம் காத்தவர்களின் பங்கு பேசப்படாமலே கலந்திருக்கிறது.

கிடைத்ததும் இழந்ததும்

கம்பி அறுந்ததால் குவியம் காப்பவருக்குக் கிடைத்த பெரும்பேறு, எங்கு வேண்டுமானாலும் நிற்கும் உரிமை. நடிகர் காமிராவை நோக்கி வரும் வழிக்குக் குறுக்கே, பக்கவாட்டில் அவர் நின்றுகொள்ளலாம். 'பேரி லிண்டன்' படத்தில் தொலைக்காட்சிக் காமிரா நின்ற அதே இடத்தில் இப்போது மனிதர் குமிழும் கையுமாக நின்றார். கண்ணும் கையும் மீண்டும் ஒன்றுசேர்ந்தன. அதுவும் தொலைவை அறிவதற்கு மிகத் தகுந்த இடத்தில். ஸ்டெடிகாமுக்காகப் பிறந்த கருவி, பின்னர்த் தாங்கியில் அசையாது நிற்கும் காமிராக்களுக்கும் பரவியதற்கு இது ஒரு காரணமாகும்.

இந்த உரிமை நெடுநாள் அப்படியே நிலைக்கவில்லை. பிலிமின் காலத்தில் காமிராவோடு இணைத்த சிறு தொலைக்காட்சித் திரை மங்கலானது. காட்சியின் அமைப்பை அறிய உதவுமேயன்றிக் குவியத்தை அறிய உதவாது. 2010ஆம் ஆண்டில் ஆரியின் அலெக்சா போன்ற எண்முறைக் காமிராக்கள் வந்த பிறகு, பதிவாகும் படத்தின் நுணுக்கத்தை அக்கணமே காட்டும் மானிட்டர்கள் தளத்துக்கு வந்தன. படத்தையும் கம்பியின்றி அனுப்ப முடிந்தது. மறுநாள் வரை காத்திருந்த கவலை நீங்கியது. அதனோடு, குவியம் காப்பவர் நடிகரை விட்டுத் திரையைப் பார்க்கலானார். திரை காட்டுவது லென்ஸின் நேர்ப்பார்வையை. தொலைவை அறிவதற்கு மிகக் கடினமான அந்தக் கோணத்துக்கே அவர் மீண்டும் திரும்பி வந்தார்.

இரு முறைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு நுட்பமானது. முகம் மங்குவதைத் திரையில் கண்டு திருத்துபவர், நடந்து முடிந்த பிழையைத் திருத்துகிறார். பக்கவாட்டில் நிற்பவர் நடிகரின் குதிகால் தரையை விட்டு எழுவதைக் காண்கிறார். முகம் நகர்வதற்கு முன்பே அவர் கை நகர்கிறது. தேர்ந்தவர்கள் இரண்டையும் கலந்தே பயன்படுத்துகின்றனர்: கண் பெரும்பாலும் நடிகர்மேல், அவ்வப்போது திரைமேல். ஒலியலையாலும் ஒளியலையாலும் தொலைவை அளந்து எண்ணாகக் காட்டும் துணைக்கருவிகளும் அவர்களுக்கு வாய்த்துள்ளன. இக்கருவிகள் தருவது இந்தக் கணத்தின் தொலைவு. அடுத்த கணத்தில் நடிகர் தயங்குவாரா, திரும்புவாரா என்பதை அறிய, அவர் மூச்சையும் தோளையும் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். நாடாவோடும் சுண்ணாம்புக் கட்டியோடும் தொழில் கற்ற தலைமுறை அதனை உடம்பால் கற்றது. திரையோடு தொழில் தொடங்கும் தலைமுறை அதனைத் தனியே முயன்று கற்க வேண்டியிருக்கிறது. கற்கத் தவறினால் இழப்பு அவர்களுடையது மட்டுமாக இராது. திரைப்படமும் சற்றுப் பிந்தியே பார்க்கும்.

இங்கே குவியத்தின் கலைப்பயன் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். தெளிவைக் காப்பதோடு அதனை மாற்றுவதும் குவியம் காப்பவரின் கடமை. இருவர் பேசும் காட்சியில், பேசுபவரின் முகத்திலிருந்து கேட்பவரின் முகத்துக்குத் தெளிவு மாறும் கணத்தைக் குறிப்பது அவர் கை. சொல் முடிந்த பின் மாறினால் அது செய்தி. சொல் முடியுமுன், கேட்பவரின் மனம் புண்படும் கணத்திலேயே மாறினால் அது உணர்ச்சி. வரியை எங்கே முறிப்பது, எந்தச் சொல்லை இறுதிக்கு வைப்பது என்று தயங்கும் கவிஞர்களுக்கு இந்தக் கணத்தின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

வானொலிக் குவியக் கருவியின் வரலாற்றை, மனிதக் கையை அகற்றிய இயந்திரத்தின் வரலாறாகப் படிப்பது பொருந்தாது. காமிரா விலகி ஓடியபோது அக்கையின் இடத்தைக் காத்துத் தந்தது அந்தக் கருவியே. எங்கே நிற்பது என்ற தேர்வை அது மனிதருக்கு விட்டுவைத்தது. எட்ட நிற்கவும் குறுக்கே பார்க்கவும் அது இடம் கொடுத்தது. அந்த இடத்தில் நிற்பதற்கு ஆள் வேண்டும். தொலைவை அளக்கும் நாடாக்கள் இன்றும் படப்பிடிப்புப் பெட்டிகளில் இருக்கின்றன. ஒத்திகை முடிந்ததும் ஒருவர் அதனை எடுத்து, நடிகரின் கண் வரை நீட்டி, எண்ணை வெள்ளை வளையத்தில் குறித்துக்கொள்கிறார். அதன் பிறகே அவர் குமிழைக் கையில் எடுக்கிறார்.